வெளியே ஒரு ஆள்

இன்னும் ஒரே ஒரு தடவை என்று சொல்லிவிட்டுத்தான் தணிகாசலம் உள்ளே போனார். அவருடைய ஒரே ஒரு தடவை எப்படிப்பட்டது என்று இந்திராணிக்குத் தெரியாதா என்ன, கழுத்தை நீட்டின நாளிலிருந்து பார்க்கிறாள், மறுவீட்டு விருந்தன்று ஒரே ஒரு தடவை பாலாற்றுப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பின மாப்பிள்ளை, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு வேட்டி மடி நிறையக் கல்லோடு வந்து நின்றார், அவளுடைய அப்பா அன்றைக்கே வாயைத் திறக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அதனால் பயப்பட ஒன்றுமில்லை. காரின் கதவைத் திறந்துவைத்து ஒரு காலை வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள், சொன்ன பிறகுதான் பயமாக இருப்பது தெரிந்தது. எதிரே மலையின் அடிவயிற்றில் அந்த வாய். வெள்ளைக்காரன் காலத்தில் செம்பு எடுத்த சுரங்கமாம். ஆள் குனிந்து நுழைகிற உயரம்தான், மேலே இரண்டு கள்ளிச்செடி. காலையில் முதல் தடவை போனபோது சொன்னபடி வந்துவிட்டார், சட்டையெல்லாம் செம்மண், முகமெல்லாம் சிரிப்பு. அவளுடைய பழைய வாயில் புடவையைக் கிழித்த துணியில் ஒரு கல்லைச் சுற்றி, பின்சீட்டில் கைக்குழந்தையைக் கிடத்துகிற மாதிரி கிடத்தினார். "இந்து, இதவிட நல்லது ஒண்ணு உள்ள கீது. கண்ணால பாத்துட்டேன்." சாப்பிட்டுவிட்டுப் போங்களேன் என்றாள். வந்து சாப்பிடறேன் என்றார். சர்க்கரைக்காரர் வேளைக்குச் சாப்பிடவேண்டாமா, இதை அவரிடம் யார் சொல்வது, சர்க்கரை ஆலையின் சோதனைக்கூடத்தில் ஆயுசு முழுக்கச் சர்க்கரையை அளந்தவருக்கு உடம்பின் சர்க்கரை மட்டும் கணக்கில் வராது. எலுமிச்சை சாதத்து டப்பா அவள் மடியில் இருந்தது. முதலில் சூடாக இருந்தது, இப்போது இல்லை. டிரைவர் பக்கக் கதவோரம் அவருடைய ரப்பர் செருப்பு கிடந்தது, கான்வாஸ் ஷூ மாட்டுவதற்காகக் கழற்றிவிட்டது, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. கவிழ்ந்த செருப்பு ஆகாது என்று இறங்கிப்போய் நிமிர்த்தினாள். நிமிர்த்திவிட்டு, வெளியே போனவர் திரும்பி வருகிறவரைக்கும் வீட்டைப் பெருக்கக்கூடாது என்பார்களே, அதேபோல இதையும் தொட்டிருக்கக்கூடாதோ என்று தோன்றவே, இருந்தபடியே மறுபடி கவிழ்த்துவைத்தாள். அவர் கழற்றிவிட்டபோது செருப்பு காரின் நிழலில் இருந்தது. இப்போது அதன்மேல் வெயில் முழுசாக அடித்தது.

எப்போதும் கூட வருவது அவள் இல்லை. வகாப் பாய்தான் வருவார். ஆம்பூரில் தோல் வியாபாரம், ஆள் நல்ல உயரம், வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றிவைப்பார். இரண்டு பேருக்கும் இந்தக் கல் பித்து எப்படி ஒட்டிக்கொண்டதோ, ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பழைய சுரங்கம், மூடின சுரங்கம், பெயர் மறந்துபோன சுரங்கம் என்று கிளம்பிவிடுவார்கள், திரும்பி வந்து கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து அவளுடைய பழைய பல் பிரஷால் கல்லுக்குப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டிவி அலமாரியில் கல், கட்டிலுக்கடியில் கல், சாமி மாடத்தில்கூட முருகனுக்குப் பக்கத்தில் ஊதாக் கல் ஒன்று, விபூதி பூசிக்கொண்டு அதுவும் சாமியாகிவிட்டது. விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் கல் வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு சட்டம் இருந்தது, அதை மட்டும் ஒருநாளும் மீறமாட்டார்கள், உள்ளே ஒருத்தர் போனால் வெளியே ஒருத்தர் நிற்கவேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து நுழைந்துவிட்டால் ஏதாவது ஒன்று என்றால் போய்ச் சொல்ல ஆளில்லை. வெளியே ஒரு ஆள். அந்த இடத்தில்தான் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள், வகாப் பாய் உட்காரவேண்டிய இடத்தில், எலுமிச்சை சாதத்தோடு. கார் ஓட்டத் தெரியாத ஆள். மூட்டுவலிக்காரி. அதற்கும் காரணம் அவள்தான், வேறு யாரைச் சொல்வது, அந்தக் கல்யாணத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பாய் வீட்டுப் பெண் கல்யாணம், ஆம்பூரில், பிரியாணிக்கு உட்காரும்போது பாயின் மனைவி நூருன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள், பேச்சோடு பேச்சாக, எங்க வீட்டு ஊதாக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று இவள்தான் ஆரம்பித்தாள், பெருமைதான், வேறென்ன, ஊர், மலை, பக்கத்துக் கோயில் எல்லாம் சொல்லிவிட்டாள். அது தணிகாசலம் தனியாகக் கண்டுபிடித்த இடம், பாயிடம்கூடச் சொல்லாத இடம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அடுத்த மாசம் இவர் அங்கே போனபோது இடமே தோண்டிக் கிடந்ததாம். வகாப்தான் என்றார். பாய் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது, சொல்லத்தான் வாய் வரவில்லை. சண்டைகூடப் போடவில்லை இரண்டு பேரும். போன் நின்றது, ஞாயிற்றுக்கிழமை நின்றது. அவளிடமும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார், ஆனால் அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனார் என்பதை மட்டும் நேராகச் சொன்னதே இல்லை.

வாசலண்டை போய் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தால் என்ன? வாசலில் நிற்காதே, கல் உருளும் என்று சொல்லியிருந்தார். உள்ளே இருக்கிறவருக்கு மட்டும் உருளாதா? டப்பாவைச் சீட்டில் வைத்துவிட்டு நடந்தாள். தரையெல்லாம் உடைந்த கல், பச்சை பச்சையாகப் பூசினதுபோல, பாசி என்று நினைத்தால் பாசி இல்லை, கல்லே பச்சை. வாய்க்குப் பக்கத்தில் போனதும் உள்ளேயிருந்து ஈரக்காற்று முகத்தில் பட்டது, குளிர்ச்சி, பழைய செம்புக்குடத்துக்குள் தலையைவிட்டதுபோல ஒரு வாடை. "ஏங்க" என்றாள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. ஏங்க என்றால் உள்ளே யாருக்குக் கேட்கும், எந்த மனுஷனைக் கூப்பிடுகிறாள் என்று எப்படித் தெரியும், இத்தனை வருஷத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு சந்தர்ப்பம் வந்ததில்லையே என்று அந்த நேரத்திலும் வெட்கமாக இருந்தது. "ஏங்க, சாப்பிட வாங்க" என்று இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அவளுடைய குரல் கொஞ்சதூரம் போய் நின்றுவிட்டது, திரும்பிக்கூட வரவில்லை. எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. தண்ணீரா? மலை காய்ந்து கிடக்கிறது, உள்ளே எப்படித் தண்ணீர்? சுத்தியல் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள், கேட்கிறது, டொக் டொக் என்று கேட்கிறது, அப்பாடா என்று நெஞ்சில் கைவைத்தபோதுதான் அது அவளுடைய நெஞ்சு என்று தெரிந்தது. திரும்பிக் காருக்கு வந்தாள். முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்கலாம் என்று கைப்பையில் கையைவிட்டால் ஏதோ தட்டுப்பட்டது, உருளையாக, நாலு. வெளியே எடுத்துப் பார்த்தாள். தலையில் மாட்டிக்கொள்கிற விளக்குக்கு வைத்திருந்த மாற்றுச் செல்கள். காலையில் வண்டியிலிருந்து இறங்கும்போது, இந்தப் பையில் வச்சிரு, முதல் தடவ போய்ட்டு வந்து மாத்திக்கறேன் என்று அவர்தான் கொடுத்தார். வந்தார். சிரித்தார். கல்லைக் கிடத்தினார். மாற்றாமல் போய்விட்டார். அவளும் நினைவுபடுத்தவில்லை, சாப்பிட்டுவிட்டுப் போங்க என்றுதான் சொன்னாளே தவிர செல்லை மாற்றிக்கொண்டு போங்க என்று சொல்லவில்லை, கடைக்குப் போனால் பையை எடுத்தீங்களா என்று கேட்கத் தெரிந்தவளுக்கு இது தோன்றவில்லை. நாலு செல்லையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். உள்ளே விளக்கு எரிகிறதா, அணைந்துவிட்டதா?

ஹாரன் அடித்தால்? ஹாரன் மட்டும் அடித்துவிடாதே என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். ஆள் வந்துரும். ஆடு மேய்ப்பவன் ஒருத்தன் வந்து எட்டிப் பார்த்தால் போதும், நாலு பேர் வருவான், நாற்பது பேர் வருவான், அப்புறம் இடம் போச்சு. யாராவது கேட்டால் கார் சூடாகிவிட்டது, நிற்கிறோம் என்று சொல்லு. ஹாரனைப் பற்றி யார் பேசுவது என்று அவள் அப்போது கேலி செய்தாள். ஆலை விட்டு வரும்போதும் சரி, ஓய்வுபெற்ற பிறகு காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போதும் சரி, வீட்டு கேட் முன்னால் காரை நிறுத்தி ஒரு நீளம், இரண்டு குட்டை. இறங்கி கேட்டைத் திறக்கமாட்டார் துரை. தெருவே சொல்லும், இந்திராணி, உன் ஆளு வந்தாச்சு. அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, வரேன் வரேன் என்று உள்ளேயிருந்தே கத்திக்கொண்டு ஓடிவருவாள். ஒன்று சொல்லவேண்டும், இரண்டாம் தடவை ஒருநாளும் அடித்ததில்லை, எவ்வளவு நேரமானாலும் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பொறுமையெல்லாம் எங்கிருந்து வந்தது, இந்த அவசரமெல்லாம் எங்கிருந்து வந்தது, ஒரே மனுஷனிடம். ஹாரன் வேண்டாம். அடித்து, அவர் பாட்டுக்குக் கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, இன்னாத்துக்குடி அடிச்ச என்று கேட்டால்? அவர் முகம் மாறிவிடும். இன்னொரு முறை ஒரு வாரம் பேசாமல் இருந்தால் அவளால் தாங்கமுடியாது. போன்தான் சரி, சத்தமில்லாத காரியம். அவருடைய பெரிய போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது, மறந்து வைத்துவிட்டு வந்ததில்லை, வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்தது, போன் போகிற இடமெல்லாம் எழுதிவைத்துக்கொள்ளுமாம், யாராவது பார்த்துவிடுவார்களாம். அவளுடையது பட்டன் போன், அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் அனுமதி கிடைத்தது. அதில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் ஒரு கல்மேடு இருந்தது, சுரங்கத்திலிருந்து அந்தக் காலத்தில் வாரிக்கொட்டினது. அதன்மேல் ஏறினால் கிடைக்கலாம். மூட்டு ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. கல் காலுக்கடியில் சரிந்தது, கையை ஊன்றி, முட்டியை ஊன்றி, புடவை கிழிந்து, பாதி உயரத்தில் நின்று திரும்பி அந்த வாயைப் பார்த்தாள். நான் ஏறுகிற நேரத்தில் வந்துவிடுவார், வந்து காரில் என்னைக் காணாமல் தேடுவார், தேடட்டும், நன்றாகத் தேடட்டும், ஒரு நிமிஷமாவது தேடட்டும் என்று நினைத்துக்கொண்டாள். யாரும் வரவில்லை.

மேட்டின் உச்சியில் இரண்டு கோடு வந்தது. ஆம்புலன்ஸ் நம்பரைப் போட்டாள். ஒரு பெண் தெலுங்கில் பேசினாள், அதிலேயே இந்திராணிக்குப் பாதி உயிர் போய்விட்டது, எல்லை தாண்டி வந்திருக்கிறோமா? இவள் தமிழில் அழ, அந்தப் பெண் பொறுமையாக, அம்மா அம்மா என்று, அரைகுறைத் தமிழில், எந்த ஊரு அம்மா, ஊரு சொல்லு, வண்டி பம்பிக்கிறேன், அனுப்பறேன் என்றாள். ஊர். இந்திராணி வாயைத் திறந்தாள். சின்னமடவூர் என்றாள். அப்படித்தான் சொன்னார், சின்னமடவூர்ப் பக்கம் ஒரு பழைய சுரங்கம், போய்ட்டு சாயங்காலம் திரும்பிடலாம். அந்தப் பெண் யாரிடமோ கேட்டாள், தட்டினாள், தேடினாள். அந்தப் பேரில் ஊர் இல்லை அம்மா. பக்கத்தில் வேறென்ன ஊர் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கா, கோயில் இருக்கா, எந்த ரோட்டில் வந்தீங்க? எந்த ரோட்டில் வந்தோம்? இந்திராணி கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைத் தேடினாள். வீட்டிலிருந்து கிளம்பினது தெரிகிறது. டீக்கடை தெரிகிறது. மலைரோடு வரும், உனக்கு வாந்தி வரும், இந்தா என்று மாத்திரை கொடுத்ததும் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தானே திறந்து கொடுத்ததும் தெரிகிறது. அன்புதான் என்று நினைத்தாள், அன்பு இல்லை என்றும் சொல்லமுடியாது, வாந்தி வரும்தானே. ஆனால் மலைரோடு வந்ததா? கண் திறந்தபோது கார் இந்த மண்பாதையில் குலுங்கிக்கொண்டிருந்தது. தூங்கவைத்துத்தான் கூட்டிவந்திருக்கிறார். இல்லாத ஊரின் பெயரைச் சொல்லி, சுற்றிவளைத்து, கட்டின பெண்டாட்டியைக் கண்ணைக் கட்டாத குறையாகக் கூட்டிவந்து வெளியே ஒரு ஆளாக உட்காரவைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதுதானே சட்டம், அந்த ஆளுக்குச் சொல்ல ஒரு ஊர் வேண்டாமா? கோபம் வந்தது. வந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை, அது யார்மேல் என்று பார்த்தால் அந்த ஆள் இருட்டில் இருக்கிறார். அம்மா, லைன்ல இருக்கீங்களா அம்மா என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டேயிருந்தாள். பச்சைக் கல் இருக்குதும்மா என்றாள் இந்திராணி. வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. ஒரு மலை கீதும்மா. ரெண்டு கள்ளிச்செடி கீதும்மா. கோடு ஒன்றாகி, போய்விட்டது.

மகன் குவைத்தில் இருக்கிறான், அவனுக்குப் போட்டால் அங்கே அவனும் அழுவான், அவ்வளவுதான் நடக்கும். போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டில் அவள் இப்படியும் அப்படியும் திரும்பினாள். பச்சைக் கல் என்று தான் சொன்னதே காதில் சுற்றிக்கொண்டிருந்தது. கல்லை வைத்து ஊரைச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்களே. ஒரு கல்லைக் கையில் எடுத்ததும், இது இந்த ஊர் இந்தச் சுரங்கம் என்று இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பந்தயம் கட்டுவார்களே, தோற்றவர் டீ வாங்கித்தரவேண்டும், எப்போதும் தணிகாசலம்தான் வாங்கித்தருவார். நூருன்னிசாவின் நம்பர் அவளுடைய போனில் இருந்தது. பேசக்கூடாது என்று அவர் சொன்ன பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தாள், பகலில், அவர் தூங்கும்போது, தால்ச்சா எப்படிச் செய்வது, மருமகள் எப்படி, மூட்டுக்கு என்ன தைலம் என்று. அவர் ஊர்ப்பெயரை மறைத்தார், இவள் இதை மறைத்தாள். போட்டாள். ஒருவேளை வீட்டில் இல்லையோ? அடித்துக்கொண்டேயிருந்தது. அடுத்த நொடி நூருன்னிசாவின் குரல், இந்திராணிம்மா, இந்த நேரத்துல, இன்னாம்மா? பாய் கிட்ட குடுங்க, அக்கா. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. வருஷக்கணக்காகக் கேட்காத குரல் வந்தது, அதே நிதானம். "சொல்லு தங்கச்சி."

சொன்னாள். எது முன்னே எது பின்னே என்றில்லாமல் செல், சாதம், சின்னமடவூர், மாத்திரை, எல்லாவற்றையும் சொன்னாள். பாய் கேட்டார். "எந்த இடம்னு உனக்குத் தெரியல. சரி. காலையில ஒரு கல்லு எடுத்துட்டு வந்தாருன்னியே, அது எங்க இருக்குது?"

"காருக்குள்ள, பாய்."

"போய் எடுத்துட்டு வா. மறுபடியும் மேல ஏறி எனக்குப் போன் போடு. பயப்படாத. மெதுவா இறங்கு, நீயும் விழுந்துறாத."

இறங்கினாள். பின்சீட்டில் அவளுடைய வாயில் புடவைத்துணி. நீலத்தில் வெள்ளைப்பூ, மகன் பிறந்த வருஷம் எடுத்தது. இத்தனை வருஷமாக அவருடைய எந்தக் கல்லையும் அவள் கையால் எடுத்துப் பார்த்ததில்லை, ஒட்டடை அடிக்கும்போதுகூடத் துடைப்பத்தின் நுனியால் தள்ளிவிடுவதுதான், சக்களத்தியை யார் தொடுவார்கள். எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். வழியில் அந்த வாயைப் பார்க்கவேண்டாம் என்றிருந்தாள், பார்த்தாள், அது அப்படியேதான் இருந்தது. உச்சியில் உட்கார்ந்து துணியைப் பிரித்தாள். அழகாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, அத்தனை அழகாக இருந்தது. "வெள்ளையா, ஊசி ஊசியா கீது, பாய். கண்ணாடி மாதிரி. அந்த ஊசிங்க மேல கடுகு கடுகா நீல உருண்டை."

"நல்ல நீலமா, வெளுத்த நீலமா?"

"நல்ல நீலம். சொட்டு நீலம் மாதிரி."

"கையில தூக்கிப் பாரு. பாக்கச் சின்னது, ஆனா கனக்குதா?"

"கனக்குது. இத்தினியூண்டு இருந்துக்கினு கனக்குது, பாய்."

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், இரண்டு கோடும் இருந்தது. "தெரியும்மா," என்றார் பாய். "எனக்கு அந்த இடம் தெரியும். பெங்களூர்க் கண்காட்சியில ஒரு வாட்டி இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தாரு. தூரத்துல நின்னு பாத்தேன். பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அஞ்சாறு வருசம் ஆகுது. நான் அதுக்கப்புறம் அங்க கால வச்சதில்ல. அவரு இடம்னு விட்டுட்டேன்." பிறகு வேறு யாரிடமோ, வண்டியை எடு, கயிறு, பெரிய விளக்கு ரெண்டு என்று சொல்வது கேட்டது. அஞ்சாறு வருசம். இந்திராணி சிரித்துவிடுவோமோ என்று பயந்தாள். தெரிந்த இடத்தை மறைக்கத்தானா போன் வீட்டில் கிடக்கிறது, இதற்குத்தானா மாத்திரை, இதற்குத்தானா இல்லாத ஊர்? யாரிடமிருந்து மறைத்தாரோ அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. கூட இருக்கிறவளுக்குத் தெரியவில்லை.

"தங்கச்சி, கேளு. அது எல்லை தாண்டி, குப்பம் டவுன் பக்கத்துல. அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் போன் போடறேன், பக்கத்து ஊர்ல எனக்கு ஆளுங்க இருக்காங்க, அவங்களையும் அனுப்பறேன். நானும் வரேன், ஆனா நான் வர நேரமாகும். உள்ள போனதும் ரெண்டாப் பிரியும். இடது பக்கம், வலது பக்கம். எந்தப் பக்கம் போறேன்னு ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல, பாய்."

"நீல உருண்டைன்னு சொன்ன." பாய் தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். "அப்போ வலது பக்கம்."

"வலது பக்கம்னா இன்னா, பாய்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பாய்."

"கொஞ்சம் தண்ணி நிக்கும். விளக்கு இருந்தாத் தெரியும், ஒதுங்கிப் போயிடலாம். அவருக்குத் தெரியும், அவரு பழையவரு. வெளிச்சம் போச்சுன்னா அங்கயே உக்காந்துரணும், அசையக்கூடாது, அது எங்க சட்டம். உக்காந்திருப்பாரு. நீ இன்னா பண்ற, கார்ல போய் ஹாரன் அடி. விட்டு விட்டு அடி. எந்தப் பக்கம் வாசல்னு அவருக்குத் தெரியணும். தவழ்ந்துகினாச்சும் சத்தத்தப் பிடிச்சு வந்துடுவாரு. அடிச்சிட்டே இரு, நிறுத்தாத."

"கார்ல லைன் கிடைக்காது, பாய். நீங்க கூப்பிட்டா எனக்குத் தெரியாது."

"தெரிய வேணாம். நீ ஹாரன் அடி."

வலது பக்கம். தண்ணீர். இறங்கும்போது கால் சரிந்து உட்கார்ந்தபடியே பாதி மேட்டைச் சறுக்கினாள், கல் மட்டும் கையை விட்டுப் போகவில்லை, அதை எதற்குப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்றும் தெரியவில்லை. சொட்டுச் சொட்டாகக் கேட்டதே, அது இடதுபக்கமா வலதுபக்கமா? சுத்தியல் என்று நினைத்தது அவளுடைய நெஞ்சுதானே. அவர் உட்கார்ந்திருப்பார். சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை, வெளியே ஒரு ஆள் என்ற சட்டத்துக்காகத்தானே இவளையே கூட்டிவந்தார், உட்கார்ந்திருப்பார், ஈரத்தில், பசியோடு, கை நடுங்கும், வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் எழுந்து நடப்பார், போன தீபாவளிக்கு அப்படித்தான் கூடத்தில் எழுந்து சுவரைப் பார்த்து நடந்தார், இவள்தான் பிடித்து வாயில் சர்க்கரையைப் போட்டாள். எழுந்து நடக்காதீங்க என்று அவள் உரக்கவே சொன்னாள். டிரைவர் கதவைத் திறந்தாள். கவிழ்ந்த செருப்பு காலில் இடறி எங்கேயோ போனது, பார்க்கவில்லை. அவருடைய சீட்டில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததில்லை, ஸ்டீயரிங் வயிற்றை இடித்தது, அவருடைய தலையெண்ணெய் வாடை சீட்டில் இருந்தது. கல்லை அடுத்த சீட்டில், எலுமிச்சை சாதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சாவி அவரிடம். ஹாரன் சாவியில்லாமலே அடிக்கும், பழைய கார், கேட்டில் என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் அவர் அடிப்பார். உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மலைக்கு முதுகு சிலிர்த்தமாதிரி சத்தம் போய் மோதி வந்தது. எடுத்தாள். விட்டு விட்டு அடி என்றாரே, எப்படி விட்டு விட்டு? கை தானாகவே ஒரு நீளம் அடித்தது, பிறகு இரண்டு குட்டை. அவருக்குத் தெரியும். இருட்டில், தண்ணீரில், தலை சுற்றி, யார் என்ன என்று மறந்தாலும் இது தெரியும், கேட் திறக்கிற சத்தம் இது. தூரத்துச் சரிவில் ஆடுகள் தலையைத் தூக்கின. அவற்றின் பின்னால் ஒருத்தன் எழுந்து நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தான், பிறகு இன்னொருத்தி, பிறகு இரண்டு பேரும் இந்தப் பக்கம் இறங்கி ஓடிவர ஆரம்பித்தார்கள். வாங்க. ஆள் வரட்டும். நாலு பேர் வரட்டும், நாற்பது பேர் வரட்டும், இந்த இடம் போகட்டும், இங்கே இருக்கிற நீலமும் பச்சையும் யாரோ எவரோ எடுத்துக்கொண்டு போகட்டும். ஒரு நீளம், இரண்டு குட்டை. கையை எடுத்துவிட்டுக் கேட்டாள். வீட்டில் அவள் வர எப்போதும் கொஞ்சம் நேரமாகும், அடுப்பைச் சின்னதாக்கவேண்டும், கையைத் துடைக்கவேண்டும், வரேன் வரேன் என்று குரல் மட்டும் முன்னால் வரும், ஆள் பின்னால் வரும். அந்தக் குரல் வருகிறவரைக்கும் அவர் இரண்டாம் தடவை அடிக்கமாட்டார். அவளும் அடிக்காமல், அந்த வாயைப் பார்த்துக்கொண்டு, அவர் எவ்வளவு நேரம் காத்திருப்பாரோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். பிறகு மறுபடி அடித்தாள்.